வழக்கொழியும் சேவைகளும் நமது பொறுப்பும்

புதிய சாதனம் ஒன்று நாட்டிற்கு வரும்போது அதனை ஆராயக் குழுக்கள் அமைகின்றன. தர நிர்ணயம் செய்யப்படுகிறது. திறப்பு விழாவும் நடைபெறுகிறது. ஆனால் நெடுங்காலம் மக்களுக்கு ஊழியம் புரிந்த பழைய சாதனம் ஒன்று விலகும்போது பெரும்பாலும் இவற்றில் ஒன்றும் நிகழ்வதில்லை. ஒரு நாள் அது இருக்கிறது, மறுநாள் இல்லை. பயன் குன்றியது பழுத்த இலையைப்போல் தானாகவே உதிர்ந்துவிடும், அதற்கெனத் தனியே திட்டம் எதற்கு என்று நாம் எண்ணுகிறோம்.

இவ்வெண்ணம் சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. சாதனம் மறையலாம், அது செய்து வந்த வேலை மறைவதில்லை. அந்த வேலையை இனி யார், எவ்விதம், யாருக்காகச் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதும் விஞ்ஞான முறையில் திட்டமிடுதலின் ஒரு பகுதியே ஆகும். இது நம் நாட்டிற்குப் புதிய பாடமும் அன்று. ஒரு காலத்தில் நாம் இதனை மிக நன்றாகவே செய்து காட்டியிருக்கிறோம்.

காசும் எடையும் மாறிய விதம்

சுதந்திரம் பெற்ற காலத்தில் நம் ரூபாய்க்கு 16 அணா; அணாவிற்கு 12 தம்படி; ஆக, ரூபாய்க்கு 192 தம்படி. எடைகளின் குழப்பம் இதனினும் பெரிது. சென்னை மணங்கு 25 ராத்தல். பம்பாய் மணங்கு 28 ராத்தல். வங்காள மணங்கோ 82 ராத்தலுக்கும் சற்று மிகுதி. இன்றைய அளவில் கூறினால், முதலாவது சுமார் 11 கிலோகிராம். கடைசியானது சுமார் 37 கிலோகிராம். ஒரே பெயர், ஒரே தேசம், ஆனால் மும்மடங்கிற்கு மேற்பட்ட வேறுபாடு. இந்நிலையில் தசாம்ச முறைக்கு மாறுவது தவிர்க்க முடியாததாயிற்று.

மாற்றத்தின் அவசியம் பற்றி இன்று எவரும் ஐயுறுவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது அது நடைபெற்ற விதத்தையே. நாணயச் சட்டம் 1955-ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. ஆயினும் புதிய நாணயம் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்றுதான் நடைமுறைக்கு வந்தது. புதிய காசுடன் பழைய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கியது. எட்டணா 50 நயா பைசாவாகவும், நாலணா 25 நயா பைசாவாகவும் மிச்சமின்றி மாறின. ஓரணாவோ 6.25 பைசா; அதற்குச் சரியான நாணயம் இல்லை. ஆகவே பின்னத்தைத் தள்ளவோ கூட்டவோ ஒரு விதி வகுத்து, ஓரணாவிற்கு 6, ஈரணாவிற்கு 12, மூன்றணாவிற்கு 19 எனப் பட்டியல் வெளியிட்டனர். கடைகளிலும் தபாலாபீசுகளிலும் அப்பட்டியல் தொங்கியது. எழுத்தறியாதவர்கூட அண்டை வீட்டாரைக் கொண்டு அதனைப் படிக்கச் செய்து கணக்கைச் சரிபார்க்க முடிந்தது. மக்கள் நன்கு பழகிய பின்னர், 1964-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியில் ‘நயா’ என்ற அடைமொழியும் நீக்கப்பட்டது.

எடைகளும் அளவைகளும் இவ்வாறே மாறின. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1958-ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாகவும் தொழில் தொழிலாகவும் மெட்ரிக் முறை புகுத்தப்பட்டது; 1962-ஆம் ஆண்டிற்குள் பழைய எடைகள் விலக்கப்பட்டன. வீசையும் பலமும் சேரும் மறைந்தன. நிறுத்து வாங்கும் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. கூடையைச் சுமந்து கீரை விற்கும் பெண்மணி முதல் இரும்பாலை வரை அனைவரையும் ஒருசேர அழைத்துச் சென்ற மாற்றம் அது. பழையதற்கு விடை கொடுப்பதும் திட்டத்தின் ஓர் அங்கமாக அதில் இடம் பெற்றிருந்தது.

தந்தி நின்ற கதை

இதனுடன் தந்தியின் முடிவை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் போதித்த வில்லியம் ஓஷானெஸி 1839-ஆம் ஆண்டில் அந்நகருக்கு அருகே கம்பியிழுத்துச் சோதனை நடத்தினார். 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே தந்திப் பாதை அமைக்கும் பணி தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியவை ஒரே கம்பியால் பிணைக்கப்பட்டன. பொது ஜனங்களும் கட்டணம் செலுத்தித் தந்தி அனுப்பலாயினர்.

அன்று தொட்டு ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாகத் தந்தி நம் வாழ்வில் கலந்திருந்தது. நள்ளிரவில் தந்திச் சேவகர் கதவைத் தட்டினால், உறையைப் பிரிக்குமுன்பே வீட்டில் அழுகுரல் எழுந்த காலமும் உண்டு. திருமணத்திற்கும் பண்டிகைக்கும் எண்ணிட்ட வாழ்த்து வாசகங்கள் இருந்தன. அனுப்புவோர் எண்ணை மட்டும் குறித்தால் பெறுவோருக்கு முழு வாக்கியமும் போய்ச் சேரும். செய்தியைச் சுருக்கிக் கம்பியின் நேரத்தைச் சேமிக்கும் இம்முறை, இன்றைய கணிப்பொறி விஞ்ஞானிகளும் மெச்சத்தக்க எளிய உபாயம்.

இத்தகைய சேவையை நிறுத்தும் சுற்றறிக்கை 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. ஜூலை 14-ஆம் தேதி இரவு கடைசித் தந்திகள் ஏற்கப்பட்டன. 15-ஆம் தேதி முதல் சேவை நின்றது. நாலணாவை 25 பைசாவாக்க ஈராண்டு அவகாசம் தந்த நாடு, தந்திக்கு அளித்தது ஒரு மாத அவகாசமே.

தந்தி நின்றது தவறு என்று நான் கூறவில்லை. கைத்தொலைபேசி பரவியபின் வருமானம் செலவில் சிறு பகுதிக்கும் ஈடாகவில்லை. செய்தியை விரைந்து சேர்ப்பதே தந்தியின் ஒரே வேலையாக இருந்திருந்தால், அவ்வேலையைப் புதிய சாதனங்கள் அதனினும் திறம்படச் செய்கின்றன என்று கூறி விவாதத்தை முடித்து விடலாம். ஆனால் தந்திக்கு இரண்டாவது வேலை ஒன்றும் இருந்தது. அது அத்தாட்சி.

தந்தி நிலையத்தில் செய்தி எழுதிய தாளில் தேதியும் நேரமும் பதிந்தன, இரசீது கிடைத்தது, அனுப்பிய நிலையம் எது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட செய்தியும் பெறுநருக்குச் சேர்ந்த செய்தியும் ஒன்றே என நீதிமன்றம் அனுமானித்துக் கொள்ள 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இடமளித்தது. எல்லையில் பணிபுரியும் படைவீரர் விடுப்புக் கோருவதற்கு ஊரிலிருந்து வரும் தந்தி ஆதாரமாயிற்று. வீட்டில் ஒருவரைப் போலீசார் அழைத்துச் சென்று விட்டால், குடும்பத்தார் முதலில் ஓடியது தந்தி ஆபீசுக்கே. இத்தனை மணிக்கு முறையிட்டோம் என்பதற்கு அதனைவிட உறுதியான சான்று ஏழைக்கு வேறு கிடையாது.

உச்ச நீதிமன்றமும் இதனை உணர்ந்திருந்தது. கைதாகிறவர்களின் உரிமைகள் குறித்து டி.கே. பாசு வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அளித்த தீர்ப்பில், கைதானவரின் நெருங்கியவர் வேறு மாவட்டத்திலோ வெளியூரிலோ வசித்தால், 8 முதல் 12 மணி நேரத்திற்குள் தந்தி மூலம் செய்தி சேர்க்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. தந்தி நின்றபோது அவ்விதி ஊன்றி நின்ற கோல் எடுபட்டது. தொலைபேசியில் செய்தி சொல்லலாம்; ஆனால் தந்தி தன்னுடன் கொண்டுவந்த நேர முத்திரையைத் தொலைபேசி உரையாடல் கொண்டு வருவதில்லை. மின்னஞ்சலுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் இதையொத்த தகுதியை வழங்கியது உண்மையே. எனினும் மின்னஞ்சல் அனுப்பக் கருவி வேண்டும், கணக்கு வேண்டும், எழுத்தறிவும் வேண்டும். தந்தி அனுப்பக் கையில் சில்லறையும், எழுதிக் கொடுக்க அருகில் ஒருவரும் இருந்தாற் போதும்.

மஞ்சள் பலகை மறைந்தது

தந்தியை ஓர் இலாகா நிறுத்தியது. எவரும் நிறுத்தாமலே மறைந்த சேவையும் உண்டு. தந்தி ஆணையால் முடிந்தது என்றால், எஸ்.டி.டி. பூத் அலட்சியத்தால் முடிந்தது எனலாம்.

இணைப்பாளரின் உதவியின்றி வெளியூருக்கு நேரே பேசும் வசதி 1960-ஆம் ஆண்டு நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவிற்கும் இடையே முதன்முதலில் ஏற்பட்டது. 1984-ஆம் ஆண்டில் சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையம் தோன்றி, நம் நாட்டின் வெப்பத்தையும் தூசியையும் தாங்கவல்ல கிராமத் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்தது. அதனைத் தொடர்ந்து சிற்றூர்ச் சந்திகளிலும் மஞ்சள் பலகைகள் தோன்றின. மாற்றுத் திறனாளிகளுக்கும் பிற நலிந்தோருக்கும் முன்னுரிமை அளித்து இந்த பூத்துகள் வழங்கப்பட்டதால் அவை பிழைப்பிற்கும் வழியாயின. இரவில் கட்டணம் குறையும் வேளைக்காகக் காத்து நின்ற வரிசைகளை நடுத்தர வயது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் வேலைபார்க்கும் மகனுடன் பேசும் தாய், கண்ணாடிக் கதவிற்குள்ளிருந்து மீட்டரின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு பேச்சைச் சுருக்குவாள்.

1995-ஆம் ஆண்டு ஜூலையில் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. 2003-ஆம் ஆண்டில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. பின்னர் பூத்துகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரும்பாலோருக்கு இது பெரும் நன்மையே. மிச்சமுள்ளோரைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எழுபது வயது கடந்த என் தமக்கையார் இரவு ரயிலில் வந்து ஒரு சந்திப்பு நிலையத்தில் இறங்கினார். கைத்தொலைபேசியின் பாட்டரி தீர்ந்திருந்தது. மகனின் எண்ணை அவர் மனப்பாடமாக அறிவார். கைப்பையில் பணமும் இருந்தது. ஆனால் அந்த எண்ணைச் சுழற்ற அந்நிலையத்தில் ஒரு தொலைபேசி இல்லை. முன்பு பூத் இருந்த கூண்டிற்குள் பிஸ்கட்டும் தண்ணீர்ப் புட்டியும் விற்றுக்கொண்டிருந்தனர். கடைசியில் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் தம் கருவியைக் கொடுத்துதவினார். “காசு கொடுத்துப் பேச வேண்டிய பேச்சைப் பிச்சை கேட்டுப் பேசினேன்” என்று தமக்கையார் பின்பு கூறினார். அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மை புலப்படுகிறது. பழைய சேவைகள் பொதுச் சாளரத்தில் கிடைத்தன. புதிய சேவைகள் சொந்த உடைமையில் கிடைக்கின்றன. சாளரத்திற்கு வருகிறவர் எவராயினும் அவருக்கு வேலை நடந்தது. உடைமை என்று வந்துவிட்டால், உடையவர், இல்லாதவர் என்ற பிரிவும் உடன் வந்துவிடுகிறது. இன்று வங்கிக் கணக்கைத் தொடவும், ரயிலில் முன்பதிவு செய்யவும், அரசாங்க உதவி பெறவும் ஓ.டி.பி. எனப்படும் கடவெண் பல சமயங்களில் தேவைப்படுகிறது. அது கைத்தொலைபேசிக்கே வருகிறது. கருவியைத் தொலைத்தவரும், கண் மங்கியவரும், வீட்டில் ஒரே கருவியை மகன் எடுத்துச் சென்றுவிட்ட மூதாட்டியும் அவ்வேளையில் குடிமக்களின் வரிசையிலிருந்தே வெளியே நிற்கிறார்கள்.

எஞ்சி நிற்பது எங்கே செல்லும்?

சேவை மறைந்தால் அதன் வேலை எஞ்சுகிறது. பொருள் வழக்கொழிந்தால் பொருளே எஞ்சுகிறது. வீட்டு அலமாரியில் கிடக்கும் பாதரச வெப்பமானி இதற்குச் சிறந்த உதாரணம். பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. ஆகவே அதன் உபயோகத்தைக் குறைக்க 2013-ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது; இந்தியா 2018-ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது. பாதரச வெப்பமானிகளும் இரத்த அழுத்தமானிகளும் விலக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் உள்ளன. இம்முடிவு முற்றிலும் சரியானதே. இக்கருவிகளை உற்பத்தி செய்வதிலேயே எத்தகைய தீங்கு நேரக்கூடும் என்பதற்கு, பாதரச மாசின் காரணமாக 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையே சான்று.

ஆனால் ஏற்கெனவே விற்கப்பட்டவை எங்கே போகும்? காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் இருப்பது சுமார் ஒரு கிராம் அல்லது அதற்குக் குறைவான பாதரசம். பழைய இரத்த அழுத்தமானியிலோ 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். மருத்துவமனைகளின் கழிவிற்கு விதிகள் உள்ளன. வீடுகளில் உள்ளதை எங்கே ஒப்படைப்பது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடைந்தால் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போடுகிறோம். அவ்வாறு செய்வது பாதரசத்தைச் சிறு துளிகளாகச் சிதறடித்து, அதன் ஆவி பரவவே வழிசெய்கிறது. அதைத் தடித்த தாளினால் ஒதுக்கி மூடியுள்ள புட்டியில் அடைத்து வைப்பதே முறை. ஆனால் அடைத்த புட்டியை வாங்கிக்கொள்ளவும் ஓரிடம் வேண்டுமல்லவா?

ஓர் ஆட்சேபம்

“பழையதைக் கட்டிக்கொண்டு அழுதால் நாடு முன்னேறுமா? பத்துப் பேருக்காக ஓர் இலாகாவை நடத்துவது பொதுப் பணத்தை வீணாக்குவது அன்றோ?” என்று சிலர் வினவலாம். இவ்வினா நியாயமானதே. தந்திக் கம்பியை மீண்டும் இழுக்க வேண்டும் என்றோ, சந்துதோறும் பூத் வைக்க வேண்டும் என்றோ நான் கோரவில்லை. சாதனத்தைக் காப்பாற்றுவது வேறு. அதன் வேலையைக் காப்பாற்றுவது வேறு. பின்னதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் சிறிதே.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றும் உண்டு. பதிவுத் தபால் என்ற தனிச்சேவை 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. பதிவுத் தபாலில் அனுப்பினால் அறிவிப்புச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டமே கூறுகிறது. அச்சொல்லை நம்பி நிற்கும் விதிகள் எண்ணற்றவை. ஆகவே பெயர் இணைந்தபோதிலும், பெறுநரிடமே ஒப்படைக்கும் பதிவு வசதியை விரைவுத் தபாலில் சிறு கட்டணத்துடன் கூடிய தனி வசதியாகத் தபால் இலாகா அமைத்தது. சட்டை மாறியது, ஆள் மாறவில்லை. இதுவே தந்திக்கும் செய்யப்பட்டிருக்க வேண்டியது.

செய்யத்தக்கவை

அன்றாடச் சேவை ஒன்றை நிறுத்துமுன் சம்பந்தப்பட்ட ஸ்தாபனம் மூன்று வினாக்களுக்கு விடையெழுதி வெளியிட வேண்டும். அச்சேவை என்னென்ன வேலைகளைச் செய்து வந்தது? அவற்றை நம்பி இருப்போர் யாவர், அதன் பெயரைக் குறிக்கும் சட்டங்களும் விதிகளும் யாவை? அது போனபின் எஞ்சும் பொருள்களை யார் பெற்றுக்கொள்வர்? இவ்விடைகளைப் பொது ஜனங்கள் படித்துக் கருத்துக் கூறப் போதிய அவகாசமும் வேண்டும்.

இரண்டாவதாக, உடைமையை நம்பி இயங்கும் ஒவ்வொரு புதிய சேவைக்கும் ஒரு பொதுச் சாளரமாவது எஞ்சியிருக்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. நம் நாட்டில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தபாலாபீசுகள் உள்ளன; அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிராமங்களில் இருக்கின்றன. அங்கே ஒரு தொலைபேசியும், ஒரு கணிப்பொறியும், தேதியும் நேரமும் பதியும் ஒரு முத்திரையும் இருந்தாற் போதும். எழுதத் தெரியாதவர் சொல்லும் செய்தியை ஊழியர் எழுதி, உரிய அதிகாரிக்கு அனுப்பி, இரசீது தரலாம். இரவில் தனித்து நிற்பவருக்கு ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் கட்டணத் தொலைபேசி ஒன்று இருத்தல் வேண்டும். ஆங்காங்குள்ள பொது மருத்துவமனை பாதரசக் கருவிகளை வீடுகளிலிருந்து பெற்றுக்கொள்ளும் இடமாகவும் விளங்கலாம்.

1957-ஆம் ஆண்டில் மூன்றணாவிற்கு 19 பைசாவா, 18 பைசாவா என்று கணக்கிட்டு, ஏழையின் அரைப் பைசாவையும் பொருட்படுத்திப் பட்டியல் அச்சிட்டார்கள். அன்று நாட்டில் கணிப்பொறிகள் அரிதினும் அரிது, செல்வமும் குறைவு. இருந்தது ஒன்றே: மாற்றத்தின் பாதையில் எவரும் பின்தங்கிவிடலாகாது என்னும் கவனம். புதியனவற்றை ஆக்கும் நம் விஞ்ஞானிகளும் நிர்வாகிகளும், பழையன கழியும்போதும் அதே கவனத்தைச் செலுத்துவார்களாயின், நள்ளிரவில் நிலையத்தில் இறங்கும் முதியவர் எவரும் தம் சொந்தக் காசு கையிலிருக்கப் பிறரிடம் கையேந்த வேண்டிய நிலை வராது.